போர்விளையாட்டு மினியேச்சர் பெட்டி: குறை தயாரிப்பிலா, மேசையிலா?

மேசைப் போர்விளையாட்டுக்கான மினியேச்சர் பெட்டி ஒன்றை மதிப்பிடுபவர், உருவங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி முடித்த பிறகு கண்ணில் படும் குறைகள் அனைத்தையும் தயாரிப்பாளரின் கணக்கில் எழுதிவிடுவதைப் பரவலாகக் காண்கிறோம். அக்குறைகளில் சில தொழிற்சாலையில் நேர்ந்தவை. சில வார்ப்பு முறைக்கே உரியவை, எந்தப் பெட்டியை வாங்கினாலும் கூடவே வருபவை. மீதி நம் கத்தியாலும் பசையாலும் அறையின் காற்றாலும் உண்டானவை. இம்மூன்றையும் பிரித்தறியாமல் எழுதப்படும் மதிப்பீடு வாங்குபவருக்கும் பயன்படாது. குறையைச் சரிசெய்ய முயல்பவரையும் தவறான இடத்தில் கைவைக்கச் செய்யும்.

ஆகவே கீழுள்ள வழிமுறை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, காரணத்தை உறுதி செய்வது, சரிசெய்வது, பிறகு யார் கணக்கில் எழுதுவது என்று செல்கிறது. எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வார்ஹாமர் 40,000 விளையாட்டின் பத்தாம் பதிப்பைத் தொடங்கிவைத்து 2023 ஜூனில் வெளியிட்ட லெவியாதன் பெட்டியைக் குறிப்பிடுகிறேன். ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர்கள் 25, டைரனிட் என்ற பூச்சியுடல் வேற்றுலக உயிர்கள் 47 என மொத்தம் 72 உருவங்கள் அடங்கிய அந்தப் பெட்டியில் பாலிஸ்டஸ் டிரெட்நாட் போன்ற பருத்த உருவமும் டெர்மகான்ட் போன்ற மெலிந்த உருவமும் ஒரே பொருளில், பசையில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகையில் வார்க்கப்பட்டிருப்பதால், கடின பிளாஸ்டிக்கின் குணங்களை விளக்க அது வசதியானது.

எதற்கும் முன்: இது என்ன பொருள்?

பெட்டியின் மேல் ‘பிளாஸ்டிக்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. போர்விளையாட்டு உருவங்கள் நான்கு வகைப் பொருள்களில் வருகின்றன. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்குக் கேடாகலாம். ஸ்ப்ரூ எனப்படும் சட்டத்தில் உறுப்புகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தால், சட்டத்தின் ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள்: கொஞ்சம் வளைந்து, மடிப்பில் வெளிறி, பிறகு ஒடிந்தால் அது பாலிஸ்டைரீன் என்ற கடின பிளாஸ்டிக். எவ்வளவு வளைத்தாலும் ரப்பர்போல் மீண்டும் நிமிர்ந்தால் அது பிவிசி போன்ற மென்பிளாஸ்டிக். பலகை விளையாட்டுப் பெட்டிகளில் ஒட்டும் வேலையே இல்லாமல் வரும் உருவங்கள் பெரும்பாலும் இவ்வகைதான். வளையாமல் சுண்ணாம்புக்கட்டிபோல் பட்டென்று முறிந்து, உப்புத்தாளில் தேய்த்தால் நுண்ணிய பொடியாக உதிர்ந்தால் பாலியூரித்தேன் ரெசின். உள்ளங்கையில் கனம் தெரிந்தால் வெள்ளீயக் கலவை உலோகம். பழைய உலோக உருவங்களில் காரீயம் கலந்திருக்கும் என்பதால், அவற்றைத் தேய்த்த கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. ரெசின் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

அறிகுறி: உறுப்பு குறைகிறது, அல்லது பாதியாக இருக்கிறது

இந்த ஒன்றை மட்டும் எதையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வெட்டிய பிறகு காணாமல்போன கை தொழிற்சாலையில் விடுபட்டதா, நாற்காலிக்கு அடியில் உருண்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. பொருத்தும் வழிகாட்டியில் உள்ள எண்களைச் சட்டத்தில் பொறித்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உறையின் அடியையும் கையால் தடவிப் பாருங்கள், சட்டத்தோடு இணைக்கும் கணு மெலிந்த சிறு உறுப்புகள் பயணத்திலேயே கழன்று அங்கே தங்கியிருக்கும். பல சட்டங்கள் உள்ள பெரிய பெட்டிகளில், ஒரு சட்டம் இரண்டு முறை வந்து மற்றொன்று விடுபடுவதும் உண்டு. மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

உறுப்பு இருக்கிறது, ஆனால் வாளின் நுனி இல்லை என்றால், அந்த முனையை விளக்கின் கீழே கொண்டுவந்து நன்றாக உற்றுப் பாருங்கள். முனை மழுங்கி, உருண்டு, மேற்பரப்பின் மற்ற இடங்களைப் போலவே வழவழப்பாக இருந்தால், 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பிளாஸ்டிக் எஃகு அச்சின் கடைசி மூலையை நிரப்புவதற்கு முன்பே உறைந்துவிட்டது என்று பொருள். அது தயாரிப்புக் குறை. முனை சொரசொரப்பாக, விளிம்பில் வெளிறிய கோட்டோடு இருந்தால் நுனி முழுதாக வார்க்கப்பட்டுப் பின்னர் ஒடிந்திருக்கிறது. ஒடிந்த துண்டு உறைக்குள்ளேயே கிடக்கலாம். ரெசினில் இதற்கு மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு: நுனி இருக்க வேண்டிய இடத்தில் குழிந்த, உருண்டையான பள்ளம் தெரியும். காற்றுக்குமிழி அச்சில் சிக்கியதன் தடம் அது. இதுவும் தயாரிப்புக் குறையே.

மாற்று உறுப்பு கேட்க வேண்டுமானால் முழுச் சட்டத்தின் படம், குறையுள்ள இடத்தின் அண்மைப் படம், பெட்டியில் அச்சிட்ட குறியீட்டெண், வாங்கிய ரசீது ஆகிய நான்கையும் எடுத்துவைத்த பிறகே கத்தியைத் தொடுங்கள். மதிப்பீட்டில் எழுதும்போது, குறை இருந்தது என்பதோடு நிறுத்தாமல், கேட்டதும் மாற்று வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

அறிகுறி: கை, கால், தலை வழியாக ஓடும் மெல்லிய மேடு

இதுதான் அச்சுக்கோடு. எஃகு அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மயிரிழை அளவு கசிந்து மேடாக உறைகிறது. இது இல்லாத வார்ப்பு கிடையாது. ஆகவே ‘அச்சுக்கோடுகள் உள்ளன’ என்று ஒரு பெட்டியைக் குறை சொல்வதில் பொருளில்லை. எங்கே ஓடுகின்றன, எவ்வளவு தடிமன் என்பதுதான் சொல்லத் தக்கது. கவசத்தின் விளிம்பை ஒட்டி ஓடும்படி அச்சை வடிவமைத்தவர் வேலை தெரிந்தவர். முகத்தின் நடுவே, மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையில் ஓடவிட்டவரைப் பற்றி மதிப்பீட்டில் இரண்டு வரி தாராளமாக எழுதலாம்.

நீக்குவதற்குக் கத்தியின் கூர்முனையைப் பயன்படுத்தாதீர்கள். அது மேட்டோடு சதையையும் சேர்த்துச் சீவிவிடும். பிளேடின் முதுகைப் பரப்புக்கு ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, உங்களை நோக்கி, எடையே இல்லாமல் இழுக்க வேண்டும். இன்ஃபெர்னஸ் மரீன் ஒருவரின் கெண்டைக்கால் கவசத்தை எடுத்துக்கொண்டால், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே இழுப்பில் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு தழும்பு விழும். வெளிர்சாம்பல் பொடி முதலில் சுருள்சுருளாக வரும்; சுருள் நின்று தூளாக மாறும்போது மேடு தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள்: தடுக்கவில்லை என்றால் போதும். சங்கிலிக் கவசம், முடி, பூச்சியுடலின் மடிப்பு போன்ற இடங்களில் சுரண்ட முடியாதபோது, நீர்த்த பிளாஸ்டிக் பசையை நுண்தூரிகையால் கோட்டின் மேல் ஒருமுறை தடவினால் மேடு இளகி அமிழ்ந்துவிடும்.

நகம் தடுக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. கோட்டின் இருபுறமும் ஒரே உயரத்தில் இருந்து நடுவில் மட்டும் மேடு இருந்தால் அது சாதாரண அச்சுக்கோடு. ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்து படிபோல் இருந்தால், அச்சின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் நகர்ந்திருக்கின்றன. கைத்தடியில் இந்தப் படியைத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். முகத்திலோ, இருபுறமும் ஒத்திருக்க வேண்டிய தலைக்கவசத்திலோ வந்தால் சரிசெய்ய வழியில்லை, மாற்றுக் கேட்க வேண்டியதுதான்.

மென்பிளாஸ்டிக்கில் மேற்சொன்ன சுரண்டல் பலிக்காது. பரப்பு பஞ்சுபோல் மயிர்விட்டுக் கிளம்பும். புத்தம்புது பிளேடால் மேட்டை மெல்ல அரிந்தெடுத்து, எஞ்சியதை விட்டுவிடுவதே நல்லது. மதிப்பீட்டில் அப்பெட்டியின் குறையாக இதைத் தயங்காமல் எழுதலாம், ஏனென்றால் பொருளைத் தேர்ந்தெடுத்தவர் தயாரிப்பாளர்.

அறிகுறி: வட்டத் தடங்கள், தட்டையான இடத்தில் மெல்லிய குழிவு

சீரான வட்டமாக இருந்தால், உறைந்த சட்டத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசிகளின் தடம். பெரும்பாலும் உட்புறத்திலோ, மறையும் பக்கத்திலோ இருக்கும்; வெளித்தெரியும் மேலங்கியில் இருந்தால் வடிவமைப்பின் குறை. ஒழுங்கற்ற, ஆழமில்லாத குழிவாக இருந்தால், தடித்த உறுப்பின் உட்பகுதி தாமதமாகக் குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து: பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது. வேல்ஸில் தயாராகும் மில்லிபுட் கிடைத்தால் நல்லது, ஈரவிரலால் மழுப்பலாம். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் எம்-சீல் மணல்போலச் சற்றுப் பரும்படியானது. உருவம் நிற்கும் அடித்தட்டுக்கும் பாறைக்கும் போதும், முகத்துக்கு வேண்டாம்.

அறிகுறி: பாகங்கள் முழுதாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிகிறது

அழுத்திப் பொருத்தும் பெட்டிகளைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி இதுதான். அதில் பெரும்பகுதி நம் பக்கத்துப் பிழை. உறுப்பைச் சட்டத்தோடு இணைக்கும் கணுவை வெட்டிய இடத்தில் அரை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலும், அது பொருத்துமுகத்தில் இருந்தால், இடைவெளி அரை மில்லிமீட்டர் வந்தே தீரும். எனவே முதலில் கணுவின் எச்சம், அடுத்து பொருத்துமுகத்தில் ஓடும் அச்சுக்கோடு, அதன் பிறகு வழிகாட்டியில் சொன்ன வரிசை என்ற முறையில் சரிபார்க்க வேண்டும். டைரனிடுகளின் வளைந்த உடல்களில் வரிசை மிக முக்கியம். முதுகு ஓட்டைப் பொருத்திய பிறகு உள்ளே செல்ல வேண்டிய கழுத்து, எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இறங்காது.

இம்மூன்றும் சரியாக இருந்தும் இடைவெளி நீடித்தால், முளை துளைக்குள் அடிவரை போகவில்லை. முளையின் நுனியை நிப்பர் என்ற வெட்டுக்குறடால் சரிவாக வெட்டிப் பாதியாகக் குறைத்து, துளையின் வாயைக் கத்தி நுனியால் ஒரு சுற்றுச் சுழற்றி அகலப்படுத்தி, பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் பிளாஸ்டிக் பசையிட்டு மூடுங்கள். ‘பசை தேவையில்லை’ என்று பெட்டி சொல்கிறதே என்று கேட்கலாம். தேவையில்லை என்றுதான் சொல்கிறது, கூடாது என்று சொல்லவில்லை. பசை இரு முகங்களையும் கரைத்து ஒன்றாக்குவதால், இணைப்பை விரலால் சற்று அழுத்திப் பிடிக்கும்போது கோட்டில் கரைந்த பிளாஸ்டிக் சிறு மணியாகப் பிதுங்கும். அதை உடனே துடைக்காமல் ஒருநாள் காயவிட்டுச் சுரண்டினால் இணைப்பே தெரியாது.

இன்னும் இடைவெளி இருந்தால், அதே சட்டத்தின் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக் பசை உள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு ஓரிரவு மூடிவைத்தால் கஞ்சிப் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். அதே பொருள் என்பதால் காய்ந்ததும் உருவத்தோடு ஒன்றிவிடும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

ஒரு விலக்கு: கவசத் தகட்டின் ஓரத்திலேயே இணைப்புக்கோடு அமைந்திருந்தால் அது வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்த கோடாக இருக்கலாம். பட்டி வைத்து மூடுவதற்கு முன் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பாருங்கள்.

அறிகுறி: ஒட்டிய உறுப்பு திரும்பத் திரும்பக் கழல்கிறது

பொருளும் பசையும் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பிளாஸ்டிக் பசை என்பது பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். ரெசினிலும் உலோகத்திலும் கரைக்க எதுவும் இல்லாததால் அது ஆவியாகிப் போய்விடும், அவ்வளவுதான். அவற்றுக்கு சயனோஅக்ரிலேட் வேண்டும்; பெவிக்விக் அவ்வகைதான். கடின பிளாஸ்டிக்குக்கும் பெவிக்விக் ஒட்டும், ஆனால் முகங்களைக் கரைத்து ஒன்றாக்காது. கீழே விழுந்தால் இணைப்பில்தான் விடும். வண்ணம் தீட்டிய முகங்களை ஒட்டினால், ஒட்டுவது வண்ணத்தோடு வண்ணம்தான். பொருத்துமுகத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

உலோக உருவத்தின் கனமான கை எந்தப் பசைக்கும் நிற்காது. ஒரு மில்லிமீட்டர் துரப்பணத்தால் இருமுகத்திலும் நேர்நேராகத் துளையிட்டு, ஜெம் கிளிப்பின் கம்பித் துண்டு ஒன்றை உள்ளே செலுத்தி ஒட்ட வேண்டும். இரு துளைகளும் நேராக அமைய, முதல் துளையின் வாயில் ஒரு புள்ளி வண்ணம் வைத்து மறுமுகத்தை அதன்மேல் அழுத்தினால் இரண்டாம் துளையின் இடம் பதிந்துவிடும்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சைபோல் படர்ந்தால், சயனோஅக்ரிலேட்டின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து படிந்திருக்கிறது. பசை அதிகம், காற்றோட்டம் குறைவு, ஈரம் மிகுதி என்ற மூன்றும் கூடும்போது இது நேரும். வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடித்தால் மறைந்துவிடும். வண்ணம் தீட்டிய பின் வந்தால்தான் தொல்லை.

அறிகுறி: வாள், ஈட்டி, துப்பாக்கிக் குழல் வளைந்திருக்கிறது

ரெசின், மென்பிளாஸ்டிக் இரண்டிலும் இது சாதாரணம், சரிசெய்வதும் எளிது. கை பொறுக்காத அளவு சூடான நீரில் சில நொடிகள் அமிழ்த்தி, நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். மென்பிளாஸ்டிக் சில நாட்களில் மெல்லப் பழைய வளைவுக்குத் திரும்பலாம். ஐஸ் நீரில் கூடுதல் நேரம் வைத்திருந்தால் பிடிப்பு நீடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரெசின் உருவங்களை விட்டுவைப்பவர்கள் இந்த அறிகுறியை மீண்டும் சந்திப்பார்கள்.

கடின பிளாஸ்டிக்குக்கு வெந்நீர் வைத்தியம் உதவாது. அது இளகத் தொடங்குவதே 100 டிகிரிக்கு அருகில். அதற்குள் மெல்லிய விளிம்புகள் முதலில் கெட்டுவிடும். வளைவு சிறியதென்றால் விரல்களுக்கிடையே சிறிதுசிறிதாக எதிர்ப்புறம் வளைத்து நேராக்கலாம், மடிப்பில் வெளிறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அறிகுறி: பிரைமர் சொரசொரக்கிறது, திரள்கிறது, உரிகிறது

பெட்டியின் மேல் மிக அநியாயமாகச் சுமத்தப்படும் பழி இங்கேதான் பிறக்கிறது, ஏனென்றால் பிரைமர் அடித்த உருவத்தைப் பார்ப்பவருக்கு ‘வார்ப்பே சொரசொரப்பு’ என்று தோன்றிவிடும். அடிப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்று கைவசம் இருந்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பரப்பு முழுவதும் உப்புத்தாள்போல் நறநறவென்று இருந்தால், துளிகள் உருவத்தை அடைவதற்கு முன்பே காற்றில் காய்ந்து தூளாக வந்து படிந்திருக்கின்றன. தூரம் அதிகம், அல்லது காற்று சூடாகவும் வறண்டும் இருக்கிறது. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்து, குறுக்காக வீசி வீசிச் சென்று, உருவத்தின்மேல் நிற்காமல் அடிக்க வேண்டும். பரப்பில் பனிபோல் வெண்மை படர்ந்து நிறம் மங்கினால் அது ஈரப்பதத்தின் வேலை. சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி காலை நேரத்து ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கும். மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். பிற்பகலில், பிரைமர் கேனை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துக் குலுக்கிவிட்டு அடித்தால் பலன் தெரியும். வெந்நீரில் வைக்கக் கூடாது, அடுப்பருகே கொண்டுபோகவும் கூடாது.

மடிப்புகளில் குளம்போல் தேங்கிக் கவசத்தின் ஆணிகள் மறைந்தால், மிக அருகிலிருந்து ஒரே மூச்சில் அடித்திருக்கிறீர்கள். பிரைமர் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டாலோ, காய்ந்தபின் நகம் பட்டதும் தோலாக உரிந்தாலோ, உருவத்தின்மேல் எண்ணெய் இருக்கிறது. ரெசின் அச்சிலிருந்து எளிதில் கழலுவதற்காகத் தடவும் மசகு அது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, முழுதாக உலர்த்திய பிறகு அடித்தால் இந்த அறிகுறி வராது. கடின பிளாஸ்டிக்கில் இந்த மசகு அபூர்வம், விரல் எண்ணெய்தான் அதிகம். இருந்தாலும் கழுவினால் இழப்பொன்றும் இல்லை.

அழுத்தக் கேன்களை விமான அஞ்சலில் அனுப்பத் தடை இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர் ஏமாறுவார். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர் ஸ்பெயினின் வல்யெஹோ உட்படப் பல தயாரிப்புகளில் கிடைக்கிறது. மெல்லிய இரு பூச்சு போதும், ஈரப்பதத்தைப் பற்றிய கவலையும் குறையும். என்னைக் கேட்டால், கடற்கரையில் வசிப்பவருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

அறிகுறி: நுண்வேலைப்பாடு மழுங்கித் தெரிகிறது

‘விவரங்கள் ஆழமாக இல்லை’ என்று எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். பெரிய பெட்டிகளில் ஒரே உருவம் இரண்டு முறை வருவது வழக்கம். ஒன்றை வண்ணம் தீட்டாமல் வைத்துக்கொண்டு, இரண்டையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். தீட்டாததிலும் ஆணியின் விளிம்பு கரைந்திருந்தால் பழி அச்சினுடையது. தீட்டாததில் கூர்மையாகவும் தீட்டியதில் மழுங்கியும் இருந்தால் பழி தூரிகையினுடையது: வண்ணத்தைக் குப்பியிலிருந்து அப்படியே பூசியிருக்கிறீர்கள். பால்போல் ஓடும் அளவுக்கு நீர் கலந்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும்.

மழுங்கியதை மீட்க வண்ணத்தை முழுதாகக் கழற்ற வேண்டும். கடின பிளாஸ்டிக்கின்மேல் நெயில் பாலிஷ் ரிமூவரையோ, வன்பொருள் கடைத் தின்னரையோ ஊற்றாதீர்கள். அசிட்டோன் வண்ணத்தோடு உருவத்தையும் கரைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணிநேரம் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் கழன்றுவரும். தீப்பற்றக்கூடியது என்பதால் மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். பிரிட்டிஷ் விளையாட்டாளர்கள் பல காலமாகக் கையாளும் இன்னொரு பொருள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: டெட்டால். நீர் கலக்காத டெட்டாலில் ஒருநாள் ஊறவைத்து, டெட்டாலிலேயே தேய்த்து, வண்ணம் முழுதும் போன பிறகே தண்ணீர் படவிட வேண்டும். பாதியில் தண்ணீர் பட்டால் இளகிய வண்ணம் பிசினாக மாறி மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு, முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும். கையுறை அவசியம். வீட்டில் பூனை இருந்தால் டெட்டால் வேண்டாம், அதிலுள்ள பொருள் பூனைக்கு நஞ்சு. ரெசின் உருவமாக இருந்தால் எதில் ஊறவைப்பதாக இருந்தாலும் முதலில் சட்டத்துண்டு ஒன்றை ஊறவைத்துப் பாருங்கள்.

அறிகுறி: ஒட்டுப்படத்தைச் சுற்றி வெள்ளிப் பளபளப்பு

நீரில் நனைத்து ஒட்டும் படத்தின் கண்ணாடித் தாளுக்கும் மங்கலான பரப்புக்கும் இடையே நுண்காற்று சிக்கியிருக்கிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, அதன்மேல் ஒட்டி, காய்ந்ததும் மங்கல் வார்னிஷால் மூட வேண்டும். ஸ்பேஸ் மரீனின் தோள்தகடுபோல் இருபுறமும் வளைந்த பரப்பில் ஓரம் மடங்கினால், விளிம்பில் சிறு வெட்டுகள் இட்டு, படத்தை இளக்கும் திரவத்தைத் தடவிப் படியவிடுங்கள். இளகும்போது படம் சுருங்கிக் கோரமாகத் தெரியும். தொடாமல் விட்டால் தானே படிந்துவிடும்.

அறிகுறி: கடைசி வார்னிஷுக்குப் பிறகு எல்லாம் வெள்ளையாக மூடியிருக்கிறது

மங்கல் வார்னிஷில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்பொடி கலந்திருக்கிறது. குப்பியைப் போதுமான அளவு குலுக்காவிட்டாலோ, ஈரக்காற்றில் அடித்தாலோ, தடிமனாகப் பூசினாலோ பொடி மேலே திரண்டு வெண்மூட்டமாகிறது. வண்ணத்தைக் கழற்றத் தேவையில்லை. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு பூச்சு பூசினால் மூட்டத்தின் இடுக்குகள் நிரம்பி அடியிலுள்ள நிறம் திரும்பிவரும். நன்றாகக் காய்ந்த பிறகு, வறண்ட நாளில், மங்கல் வார்னிஷை மெல்லியதாக மீண்டும் பூசலாம்.

அறிகுறி: என்னிடமுள்ள மற்ற உருவங்களோடு உயரம் ஒத்துப்போகவில்லை

இரு பெட்டிகளிலும் உருவ அளவு ‘28 மி.மீ.’ என்றே இருக்கும், ஆனாலும் ஒன்று மற்றதைவிடத் தலையளவு உயர்ந்து நிற்கும். தயாரிப்பாளர் எவரும் பொய் சொல்லவில்லை. அளக்கும் இடம் வேறு. சிலர் பாதத்திலிருந்து கண்மட்டம் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. 175 செ.மீ. உயரமுள்ள ஒருவரை 1:56 விகிதத்தில் செதுக்கினால் ஏறக்குறைய 31 மி.மீ. வரும், கண்மட்டத்துக்கு அளந்தால் 29. அதே ஆளை 1:64 விகிதத்தில் செதுக்கினால் உச்சந்தலைக்கே 27 மி.மீ.தான். இருவரும் 28 என்று எழுத இடமிருக்கிறது. இதற்கு மேல், பிரிட்டிஷ் சிற்பிகளான பெரி சகோதரர்களின் வரலாற்றுப் படைவீரர்கள் உண்மை மனித அளவுகளை ஒட்டி மெலிந்திருக்க, கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் உருவங்கள் தலையும் கையும் ஆயுதமும் பருத்த பாணியில் வருகின்றன. ஒரே படையில் இரண்டையும் கலந்தால் உயரம் ஒத்துப்போனாலும் கை அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே மதிப்பீட்டில் ‘28 மி.மீ.’ என்பதைத் திருப்பி எழுதுவதை விட, ஒரு சாதாரண வீரனை அளவுகோலோடு நிறுத்திப் படமெடுத்து, கண்மட்டம், உச்சந்தலை இரண்டையும் குறிப்பிடுவதே வாங்குபவருக்கு உதவும். உயரம் குறைந்தவனை அடித்தட்டின் மேல் ஒரு தக்கைத் துண்டில் நிறுத்திச் சமாளிக்கலாம், ஆனால் பார்வைக்கோட்டை வைத்துச் சுடும் விளையாட்டுகளில் எதிராளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடித்தட்டின் விட்டத்தையும் அளந்துவிடுங்கள். லெவியாதனின் இன்ஃபெர்னஸ் மரீன் 32 மி.மீ. தட்டிலும் டெர்மினேட்டர் என்ற கனக்கவச மரீன் 40 மி.மீ. தட்டிலும் நிற்கிறார்கள், 25 மி.மீ. தட்டில் ஒட்டப்பட்ட பழைய மரீன்களை அவர்களோடு சேர்த்து ஆடுபவர், நகர்வையும் நெருக்கத்தையும் தட்டின் ஓரத்திலிருந்தே அளப்பதால், பழைய உருவங்களின் அடியில் வளையம் சேர்த்து அகலப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

அறிகுறி: உருவம் நிற்காமல் சாய்கிறது

முன்னோக்கிப் பாயும் நிலையில் செதுக்கப்பட்ட உருவங்களில் எடை தட்டின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. தட்டின் அடியிலுள்ள குழிவில், பாயும் திசைக்கு எதிர்ப்புறமாக ஓர் இரும்பு வாஷரை ஒட்டினால் நின்றுவிடும். காந்தத் தகடு பதித்த பெட்டியில் வைத்து எடுத்துச்செல்லவும் அதே வாஷர் உதவும். தட்டே வளைந்து ஆடினால், அது அழுத்திய மரத்தூள் பலகையா என்று பாருங்கள்: நீர் கலந்த பெவிக்காலை மேற்புறம் மட்டும் பூசி மணல் தூவினால் அந்தப் பலகை ஒருபுறமாக ஈரம் குடித்து வளையும். அடிப்புறத்திலும் ஒரு பூச்சு பூசி, கனமான புத்தகத்தின் அடியில், நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து, காயும்வரை விட்டுவைக்க வேண்டும்.